ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில்

அக்கா,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. படித்ததும் மடித்துப் பையின் அடியில் வை. முக்கியமாக அப்பாவிடம் போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே கவரில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சுகம், நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள் என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது. அதில் சுகம் என்று எழுதியது மட்டும் பொய். மெசேஜ் அனுப்பலாம் என்றால் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான், பார்வை மங்கிய அவருக்காகப் பேசும்படி வைத்தது, நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது உரக்கச் சொல்லிவிடும். பேனா தாளில் கீறுகிற சத்தம் கூடத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கும் என்று பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் திட்டாதே.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பாட்டிலின் பேரைப் படித்துச் சொல்ல நீ செய்த ஆப்பை அப்பா தனியாகப் பயன்படுத்துவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாயே, பதினோரு வினாடியில் பாட்டிலின் பேரைக் கண்டுபிடித்துவிட்டார் என்று உன் ஆபீஸில் எல்லோரும் கைதட்டினார்கள் என்றாயே, அது அப்பா தனியாகச் செய்ததில்லை. போனை ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைத்தது நான், படத்தில் தெரியாமல் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அவர் சட்டைக் கையை இழுத்ததும் நான்தான். ஒரு இழுப்பு என்றால் வலது பக்கம் திருப்பு, இரண்டு என்றால் இடது. அன்றைக்கு ஆப் ஓடியது அம்மா வாங்கி வைத்திருந்த பழைய போனில், அது அதற்கப்புறம் கெட்டுப்போய் இப்போது ஆப் அப்பாவின் போனில் இருப்பது வேறு கதை. அந்த வீடியோவுக்கு முன்னால் ஆறு தடவை எடுத்துப் பார்த்தோம். ஆறு தடவையும் உன் ஆப் "பாட்டிலை நகர்த்தவும், பாட்டிலை நகர்த்தவும்" என்றதே தவிர எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அப்பா கை வலிக்க வலிக்கச் சுற்றினார். உருண்டை பாட்டிலில் பேர் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இருக்கிறது, அக்கா. கிடைத்த பாதியிலும் மருந்தின் பேருக்கு முன்னால் கம்பெனியின் முகவரியைக் கதவு எண்ணிலிருந்து வாசிக்கிறது. போன மாதம் நீ புதிதாக மாற்றிய பிறகு கீழே இருக்கிற மூன்று படத்தையும் தொட்டால் போன் வெறுமனே "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்கிறது. அந்தக் குரலுக்கு அப்பா மேடம் என்று பேர் வைத்திருக்கிறார். "மேடம் மூணு பிள்ளைக்கும் ஒரே பேரு வெச்சிருக்காங்க, எதைக் கூப்பிட்டா எது வரும்னு அவங்களுக்கே தெரியாது" என்று சிரித்தார். இதையெல்லாம் உனக்கு எழுதலாம் என்றால் விடவில்லை. "என் பொண்ணு செஞ்சதை நானே நொட்டை சொன்னா, வேற எவன் நல்லாருக்குன்னு சொல்லுவான்? அஞ்சு ஸ்டார் போடு" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ அனுப்பும் கேள்விகளுக்கு நான்தான் அஞ்சு அஞ்சாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அப்பா கண் மருந்தை எப்படித்தான் கண்டுபிடித்தார் என்று கேட்பாய். ரப்பர் பேண்ட். காலையில் போடுகிற பாட்டிலுக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. லேத் பட்டறையில் இப்போது திருகாணிகளைத் தடவியே அளவு பிரிக்கிற விரல் ஆயிற்றே, ஒரு நாளும் தப்பியதில்லை. அம்மாவிடம் மட்டும் உன் ஆப்தான் சொல்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். அதுதான் வினையாகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அம்மா அலமாரியைத் துடைத்தபோது ஒரு ரப்பர் பேண்ட் கழன்று தட்டில் கிடந்திருக்கிறது. அது எதற்கென்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தொலைந்து போகாமல் இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்ற பாட்டிலில் மாட்டிவிட்டாள். அது அம்மாவின் காது மருந்து. மறுநாள் காலையில் அப்பா அதைக் கண்ணில் விட்டுக்கொண்டார்.

கத்தவில்லை. குழாயடியில் தலையைக் குனிந்தபடி நெடுநேரம் நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணின் மேல் தோலில்தான் புண், ஆறிவிடும் என்றார் டாக்டர், ஆனால் மிச்சமிருக்கிற பார்வை போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் கையைப் பிடித்து, அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அம்மாவிடம் பட்டறைத் தூசி விழுந்துவிட்டது என்றார். பாவம், அம்மா இன்னும் பட்டறை முதலாளியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என்னிடம் பேசாமல் போய்விடுவாயோ, உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நாலு நாளாகப் பாடத்தில் மனமே ஓடவில்லை. ஆனால் அடுத்த மாதம் இந்த ஆப் நானூறு வீடுகளுக்குப் போகிறது, எல்லாம் அப்பாவின் வீடியோவைப் பார்த்து முடிவானது என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாய். அந்த நானூறு வீட்டிலும் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து சட்டைக் கையை இழுக்க ஆள் இருக்காது, அக்கா. அவர்களிடம் ரப்பர் பேண்டாவது இருக்குமா தெரியவில்லை. அதை நிறுத்து. பிறகு நீயே லீவு போட்டு வந்து நம் அலமாரி முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நில், நான் வாயே திறக்க மாட்டேன். உருண்டை பாட்டிலைக் கட்டாயம் எடுத்துப் பார். அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எல்லாம் அந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, இதில் என் முத்தம் மட்டும். பதில் எழுதினால் என் பள்ளிக்கூட முகவரிக்கு

கதவைத் தட்டுகிறார்கள். விரல் கணுவால் மெதுவாக, இரண்டு தட்டு. அப்பா. விளக்கு எரிவது அவருக்குத் தெரிய வழியில்லை. வெளியில் நின்றபடியே, "பென்சில்னா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?" என்கிறார். பிறகு சொல்கிறார், "எழுதுனதைக் கிழிக்காத. அந்த ரப்பர் பேண்டையும் கவர்ல போடு."