ஜெயிக்க வேண்டிய ஆட்டம்

டிசம்பர், வெள்ளி இரவு. சிதம்பரம்.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் ஏற்கெனவே மூன்று ஆட்டம் தோற்ற நம் ஆள், இன்று ஜெயிக்கிற நிலையில் இருந்துகொண்டு யானையை முன்னும் பின்னும் நகர்த்தி டிரா செய்துவிட்டான். பயம், வேறொன்றுமில்லை.

கடலூரில் ரீனா வீட்டு டிவியில்தான் பார்த்தேன். எங்கள் கல்யாணம் பற்றி அவள் அப்பாவிடம் இன்று கேட்டே தீருவது என்று போயிருந்தேன். கிறிஸ்துமஸுக்குள் அவர் சம்மதித்தால்தான் ஜனவரியில் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, கல்யாண அறிவிப்பு செய்து, தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணத்தை முடிக்கலாம். தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள்; விட்டால் ஈஸ்டர் தாண்டிவிடும். அதற்குள் ரீனாவுக்கு அவர் பார்த்து வைத்திருக்கிற அந்த பிரான்ஸ் மாப்பிள்ளை... எழுதப் பிடிக்கவில்லை.

டிரா என்றதும் ரீனாவின் அப்பா கைதட்டினார். "பாத்தியாடா, நம்மாளு தப்பிச்சிட்டான்!"

"கோட்டை விட்டுட்டான் மாமா. ஜெயிக்க வேண்டிய கேம்." போனில் கம்ப்யூட்டர் கணிப்பைக் காட்டினேன்.

"அட போடா, நீயும் உன் கம்ப்யூட்டரும். டெய்லி அடி வாங்குறவனுக்கு அரை பாயிண்ட்டே ஜாஸ்தி." சிரித்தார். அவ்வளவு நல்ல மூடில் அவரை நான் பார்த்ததே இல்லை. "செரி, என்னமோ பேசணும்னு வந்தியாமே. இன்னா விஷயம்?"

அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"ஒண்ணுமில்ல மாமா. மேட்ச் பாக்கலாம்னுதான் வந்தேன்."

பஸ் ஏறியதும் ரீனாவின் மெசேஜ்: "கேட்டியா?"

இல்லை என்று போட்டேன்.

"அந்தாளுக்காவது அரை பாயிண்ட் கெடச்சிது. உனக்கு?"

 நாளைக்கு மறுபடியும் கடலூர் போக வேண்டும். நாளை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். மேட்ச் பார்க்க வந்தேன் என்று சொல்லவும் முடியாது.