பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உயிரோடு இருந்தவரை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் அங்கிருந்தே முறைப்பீர்கள். அதனால் பழைய வழக்கப்படியே எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. நான் விழுந்துவிட்டேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய், நம் வீட்டு வாசற்படியிலேயே. இடுப்பெலும்பு முறிந்து, திருப்பதியில் ஆபரேஷன் செய்தார்கள். "செடி வாடினா வாடிக்கினு போவுது, உன்ன யாரு ஊத்தச் சொன்னது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நீங்கள் வைத்த செடி. வாட விட்டால் மட்டும் சும்மா இருப்பீர்களா?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னைக் கொண்டுவந்து படுக்கவைத்த இடம், நீங்கள் படுத்திருந்த அதே வார்டு. உங்களுக்கு எல்லாம் தெரியும். இதை ஓரமாக நின்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்காகச் சித்தூருக்கு வெளியே இருக்கிறது எங்கள் இல்லம். கை கால் நன்றாக இருக்கிறவர்களுக்குத் தனி வீடுகள், துணை தேவைப்படுகிறவர்களுக்கு அறைகள், படுக்கையில் விழுந்தவர்களுக்கு வேப்பமரங்களுக்கு அப்பால் வார்டு. கடைசிவரை வேறெங்கும் அலைய வேண்டாம் என்பதுதான் இந்த இடத்தின் பெருமை.

வீட்டைக் காலி செய்துகொண்டு வார்டுக்குப் போவதை இங்கே 'போஸ்டிங்' என்பார்கள். "கடைசி வீட்டு ஹவில்தாருக்குப் போஸ்டிங் வந்துச்சாமே" என்று மெஸ்ஸில் யாராவது சொன்னால், அடுத்த வாய் இட்லி எல்லோருக்கும் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும். அந்தப் போஸ்டிங்கில் போனவர் யாரும் இதுவரை திரும்பியதில்லை.

கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸில் வைத்து எனக்கு ஒன்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "கொஞ்ச நாள் டியூட்டின்னா பெட்டி இங்கயே கெடக்கும். பெட்டியத் தூக்கிக்கினு போனாத்தான் போஸ்டிங்." உங்கள் நம்பரும் ராங்க்கும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அந்தக் கறுப்பு இரும்புப் பெட்டி. அதற்குப் பிறகு நீங்கள் கிளம்பிப் போன ஒவ்வொரு முறையும் நான் முதலில் குனிந்து பார்த்தது கட்டிலுக்கு அடியில்தான். பெட்டி இருந்தால் நிம்மதியாகச் சமைக்கப் போவேன்.

உங்களுக்கு மூச்சு வாங்கி வார்டில் சேர்த்தபோதும் டாக்டர் சொன்னது கொஞ்ச நாள் என்றுதான். நான் மருந்து வாங்கச் சித்தூருக்குப் போயிருந்தேன். துணிமணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று வார்டில் வேலை செய்யும் சுஜாதா பெட்டியை எடுத்துவரச் செய்துவிட்டாள். நல்ல மனசோடு செய்ததுதான். தெலுங்கும் தமிழும் தெரிந்த பெண். பட்டாளத்துக்காரருக்குப் பெட்டி என்றால் என்ன என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் திரும்பி வந்தபோது நீங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். "ஆர்டர் வந்துடுச்சா?" என்று கேட்டீர்கள். அதன் பிறகு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து உட்காரவும் முயலவில்லை. நீங்கள் போன பிறகு பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

டாக்டர் நுரையீரல் என்கிறார். இருக்கலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேஜர் சார் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அதட்டத் தெரியாத மனிதர். "இங்கயே இருந்துடுங்கம்மா, பாத்துக்கறதுக்கு ஆள் இருக்கு. வீட்டுக்கு வேற ஒரு ஜோடி காத்திருக்காங்க. உங்க பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார். சென்னையிலிருந்து நம் மகள் மலரும் போனில் அதையே சொன்னாள்: "அங்கயே இரும்மா, எனக்கு நிம்மதியா இருக்கும்." எல்லோருடைய நிம்மதிக்கும் நான் ஒருத்தி படுத்தே கிடக்க வேண்டுமாம்.

"சார், எனக்கு இது போஸ்டிங் இல்ல. கொஞ்ச நாள் டியூட்டி. பெட்டி வீட்ட உட்டு நகரக் கூடாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் பெட்டி தூக்கியவர்தானே. "சரிம்மா. நீங்களா நடந்து போயி உங்க வீட்டு வாசப்படி ஏறிட்டீங்கன்னா வீடு உங்களுது. முடியலன்னா நான் சொல்றதக் கேக்கணும்" என்றார். என்னைக் கவிழ்த்த அதே படி. ஒத்துக்கொண்டேன்.

நடைப் பயிற்சி என்ற பெயரில் சுஜாதா என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. "மெல்லகா அம்மா, மெல்லகா" என்று பின்னாலேயே வருவாள். பக்கத்து வீட்டு சாலமன் அண்ணன், உங்கள் சீட்டாட்டக் கூட்டாளி, சாயங்காலமானால் வந்து நின்றுகொள்வார். "தங்கச்சி, இது மார்ச்சா, நொண்டியாட்டமா?" என்பார். சர்ச்சில் எனக்காக ஜெபம் பண்ணியதாகச் சொன்னார். ஏழுமலையானிடம் நான் ஏற்கெனவே மனுப் போட்டிருப்பதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வேலை நடக்கட்டும்.

ஒரு நாள் வேப்பமரத்தடியில் வலி தாங்காமல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வலியைவிட உங்கள் மேல் இருந்த கோபம்தான் அதிகம். ஆர்டர் என்று யார் சொன்னது உங்களுக்கு? ஒரு பெட்டியைப் பார்த்ததும் எழுந்து கிளம்பிவிடுவதா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேனே.

அழுது முடித்துவிட்டு எழுந்து நடந்தேன். வேறென்ன செய்வது?

இன்று காலை மேஜர் சார் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாலமன் அண்ணனும் இருந்தார், கிண்டல் எதுவும் இல்லாமல். கைத்தடியோடு படி வரைக்கும் வந்துவிட்டேன். படியைக் கண்டதும் கால் எழும்ப மாட்டேன் என்றது. சுஜாதா பிடிக்க ஓடி வந்தாள்.

"தொடாதடி" என்றேன்.

நல்ல காலை முதலில் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். வைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலை இழுத்துக்கொண்டேன். யாரும் கை தட்டவில்லை. "அந்த ஜோடிக்கு வேற வீடு பாக்கறேன்" என்று மேஜர் சார் சொன்னது மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நேராக உள்ளே போய், கட்டிலில் கை ஊன்றி, முடிந்த மட்டும் எட்டிப் பார்த்தேன். பெட்டி இருந்தது. இத்தனை வருஷம் நீங்கள் திரும்பி வருவீர்களா என்று பார்த்தவள், இன்று எனக்காகப் பார்த்தேன்.

சாலமன் அண்ணனிடம் வெள்ளைப் பெயின்ட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர் எழுதப்படும். இனி என்னைக் கேட்காமல் அந்தப் பெட்டியை யாரும் தூக்க முடியாது. எனக்கும் ஒரு நாள் போஸ்டிங் வரும், தெரியும். அன்றைக்கு "தூக்குங்கள்" என்று சொல்வது நானாகத்தான் இருக்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதுவரை அவசரப்பட்டு வழியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நம் வீட்டுக்குள் உட்கார்ந்து இதை எழுதும்
உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா