எடைக்கு எடை வெல்லம்

தென்னூர், திருச்சி
12-2-61

அன்பு மகள் செல்லக்கிளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். பம்பாயில் நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், ஆனால் மூன்றாம் நாளே உன் அறைத்தோழி அற்புதம்மாள் கடுதாசியும் வந்துவிட்டது. பெரிய அளவு யூனிபாரம் கேட்டதற்கு மற்ற நர்சுகள் சிரித்ததும், அதிலிருந்து நீ ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, போர்வைக்குள் அழுது, வார்டில் மயங்கி விழுந்ததும் எழுதியிருக்கிறாள். அவளைக் கோபிக்காதே, நல்ல பெண்.

சிரித்தவர்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதல் குற்றவாளி நான்தான். போன தீபாவளிக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொல்லிப் போன மறுநாள், நீ தட்டில் கை வைப்பதற்குள் பாதிச் சோற்றை நானே அள்ளித் திரும்பச் சட்டியில் போட்டேன். நீ மீதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினோரு மாதத்தில் பேதி கண்டு நீ எலும்பும் தோலுமாய்க் கிடந்தாய், புத்தூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். மணப்பாறைப் பக்கம் நம் அம்மன் கோவிலில் போய் விழுந்து, பிள்ளைக்குச் சதை பிடிக்கட்டும், எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று அழுதேன். அம்மன் கொடுத்தாள். நான்தான் தள்ளிப்போட்டு, உன் பத்து வயதில் வண்டி கட்டினேன். அங்கே தராசைப் பார்த்த உன் அத்தை ராக்கம்மாள், கயிறு தாங்குமா என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். நீ வெளியே ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாய். அவமானம் தாங்காமல் உன்னை அப்படியே கூட்டிக்கொண்டு திரும்பினேன். "ஏம்மா என்னைத் தராசுல ஏத்தல?" என்று வழியெல்லாம் கேட்டாய். பூசாரிக்குத் தீட்டு என்று சொன்னேனே, அது பொய்.

வரும் பங்குனியில் லீவு போட்டு வா. அப்பா வெல்லத்துக்குச் சொல்லிவிட்டார். எவ்வளவு வேண்டும் என்று கடைக்கார ஹனீஃபா கேட்டதற்கு, தட்டு சமமாகிற வரைக்கும் என்றாராம். ராக்கம்மாளிடம், சிரிப்பதானால் வராதே என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், தானும் வருவதாக நேற்று ஆள் அனுப்பினாள். உனக்குக் கூச்சமாக இருந்தால் நானும் உன்னோடு தட்டில் ஏறி உட்கார்கிறேன், வெல்லம் கூடத்தான் ஆகட்டுமே. அதுவரை மூன்று வேளையும் சாப்பிடு. உள்ளேயே வைத்துக் குமையாதே, அற்புதம்மாளிடம் சொல், தூக்கம் வராவிட்டால் டாக்டரம்மாவிடமும் சொல். நோயாளிக்குச் சொல்கிற புத்தியை நீயே கேட்காவிட்டால் எப்படி. முறுக்குப் பார்சல் வரும், முழுவதையும் அற்புதத்துக்கே கொடுத்துவிடாதே. பதிலில் சுகம் என்று மட்டும் எழுதாமல், என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

அம்மன் உன்னைக் காக்கட்டும். நான் அழுது கேட்டு வாங்கிய உடம்பு அது, பட்டினி போட்டுக் குறைத்துக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன்னை முழுசாகப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
வள்ளிக்கண்ணு