மூன்றாவது வரிசை, இடது ஓரம்

19.7.2001, வியாழன்

ஆடி பிறந்தும் காற்று இல்லை. ஒரே புழுக்கம். சலவைக்குப் போட்ட காட்டன் புடவை இன்னும் வரவில்லை. புதனுக்குள் வாங்கியாக வேண்டும். புதன்கிழமை தேர்வுக் குழு.

இந்தக் கல்லூரியில் ஐந்து வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். புதன் ஒழுங்காகப் போனால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் துறைத்தலைவர் அறை வாசல் பெஞ்சு.

தலைவர் நடனம், நாடகம் இரண்டுக்கும் சேர்த்துக் கையேடு அச்சடிக்கிறார். ஆசிரியர் ஒவ்வொருவரும் 'தொழில் பின்னணி' என்று ஒரு பத்தி தர வேண்டும். குழுவுக்கும் அதுவே போகும். நடன ஆசிரியை மோகனா எழுதியது: குரு, அரங்கேற்றம், சிங்கப்பூர், மறுபடியும் சிங்கப்பூர். நாடக ஆசிரியர் குமரேசன் எழுதியது ஒரே வரி: 'பன்னிரண்டு வருடம் கூத்தில் பெண் வேடம்.'

என்னுடையது: பத்து வயதில் நடனம், பட்டயம், முதுகலை. பட்டயத்துக்கும் முதுகலைக்கும் நடுவில் ஏழு வருடத்தைக் காணோம். கோடம்பாக்கத்தில் சித்தி வீட்டில் தங்கி சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடிய வருடங்கள். கதாநாயகிக்குப் பின்னால் ஆடும் கூட்டத்தில் ஒருத்தி.

தலைவர் மெதுவான குரலில்: "அந்த ஏழு வருஷத்துக்கு 'சுயபயிற்சி'ன்னு போட்டுடும்மா. யாரு கேக்கப் போறாங்க?"

போடவில்லை. காலியாகவே விட்டேன்.

20.7.2001, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. விடியும் முன்பே அம்மன் கோயில் ஸ்பீக்கர். இந்த மாதம் முழுக்க திருப்பருத்திக்குன்றத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

நாங்கள் நயினார் வீடு, சமணர். இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்பாவுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அந்த சினிமாப் பாட்டு வந்தது. அப்பா எச்சில் கையோடு எழுந்து போய் இடது கையால் ஜன்னலைச் சாத்தினார்.

"கொசு வருதுமா."

வருடா வருடம் இதே பாட்டு, இதே கொசு. அந்தப் பாட்டில் நான் ஆடியிருக்கிறேன். அவருக்கும் தெரியும். பேசியதில்லை. ஏழு வருடமும் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் 'பொண்ணு மெட்ராஸ்ல டீச்சர்' என்றே சொல்லிவந்தார். அப்பா சினிமாக் கொட்டகை வாசலையே மிதிக்காதவர் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்கு நான் பங்கம்.

உள்ளே மாட்டிக்கொண்ட கொசு ஒன்று. அடிக்க மாட்டார், உயிர். துண்டை வீசி வீசித் துரத்திக்கொண்டிருந்தார்.

23.7.2001, திங்கள்

வாங்க: சேப்டி பின். டேப்ரெக்கார்டருக்கு பேட்டரி. அப்பா மாத்திரை. சலங்கைக்குப் புது வார்.

டீக்கடையில் குமரேசன். என் பத்தியைப் படித்துவிட்டாராம். இந்தத் துறையில் எதுவும் ஒரு நாளைக்கு மேல் தங்காது.

"நான் ஆம்பள. ராணி வேஷம் கட்டிக்கினு ஊர் ஊரா ஆடுனேன், அத்தயே எழுதிட்டேன். நீங்க பொம்பள வேஷத்துல பொம்பளயாவே ஆடிக்கிறீங்க. இதுல இன்னா மேடம் கூச்சம்?"

சிரித்துவிட்டேன். "உங்க வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கப்பாதான் எனக்குப் பொடவயே கட்டிவுடுவாரு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பொறாமை. வேறு பேர் வைக்கத் தெரியவில்லை.

25.7.2001, புதன்

புடவை வந்தது. கஞ்சி அதிகம். உட்கார்ந்தால் மொடமொட.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் தலையாட்ட. மூன்றாவது ஆள் சென்னையிலிருந்து வந்த நடன நிபுணர் அம்மா. அறுபது இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். முதலாண்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நாட்டடவு எடுத்தேன். வாயில் சொல்லுக்கட்டு, கையில் தட்டுக்கழி. நன்றாகத்தான் போனது.

திடீரென்று பின்பக்கத் தெருவில் கூழ் ஊற்றும் கூட்டம், ஸ்பீக்கர். கழியைத் தட்டுவது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம். குழு பார்த்துக்கொண்டிருக்கிறது. கழியைக் கீழே போட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினேன்.

"ஃபைவ்! சிக்ஸ்! செவன்! எயிட்!"

பெண்கள் டக்கென்று சேர்ந்துவிட்டார்கள். படப்பிடிப்பில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே இப்படித்தான் கத்துவோம். பரதநாட்டிய வகுப்பில் இது கோயிலுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி. மோகனா தரையைப் பார்த்தாள். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

நிபுணர் அம்மா மட்டும் என்னைப் பார்த்தார். "சினிமா டான்ஸர் யூனியன் கார்டு வச்சிருந்தியாம்மா?"

"இருந்துது மேடம்."

"எந்த வரிசை?"

"மூணாவது. இடது ஓரம்."

என் பத்தியைத் தூக்கிக் காட்டினார். "இங்க ஏழு வருஷம் காலியா இருக்கே. காலியா விட்டவளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சினிமால ஆடினவளுக்குப் போடறேன். எழுதிக் கொடு. திங்கக்கிழமை எனக்கு வந்து சேரணும்."

மூன்றாவது வரிசை என்றதும் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அவர் எந்த வரிசையோ, கேட்கவில்லை.

27.7.2001, வெள்ளி

எழுதிவிட்டேன். 'ஏழு ஆண்டுகள் திரைப்படங்களில் குழு நடனக் கலைஞர்.' குமரேசன் மாதிரி ஒரே வரி. ஆனால் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்தே மூன்று பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். கையேடு மூன்று வீட்டுக்கும் போகும். மறுநாள் கோயிலில் அப்பாவைக் கேட்பார்கள்.

சாப்பிடும்போது சொன்னேன். "அப்பா, நான் சினிமால ஆடுனத கையேட்டுல போடப் போறாங்க. திங்கக்கிழமை எழுதிக் குடுக்கணும், இல்லன்னா வேலை நிரந்தரம் ஆகாது."

"மோர் ஊத்து."

ஊற்றினேன். அவ்வளவுதான். கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோபம். அந்த ஏழு வருடமும் ஷூட்டிங் எத்தனை மணிக்கு முடிந்தாலும் இருட்டிய பிறகு ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எல்லோரும் பொட்டலம் பிரிக்கும்போது மேக்கப் அறையில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இந்த மனிதரிடம் அதைக்கூடச் சொன்னதில்லை.

29.7.2001, ஞாயிறு

பேட்டரி வாங்க மறந்தேன். கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். சின்னத் தூறல், உடனே நின்றது.

வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டேன். பாதியில் அந்தப் பாட்டு. ஜன்னலைச் சாத்த எழுந்திருப்பார் என்று வழிவிட்டு நின்றேன். எழுந்திருக்கவில்லை.

"இதுல நீ எங்க நிக்கற?"

"மூணாவது வரிசைப்பா. இடது ஓரம்."

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

"வலது ஓரம்மா. பச்சப் பாவாட."

ஆடியவளுக்குத்தான் அது இடது. கொட்டகையில் திரைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவருக்கு வலது.

"நாளைக்கு அத்தக் குடுத்துடு," என்றார். பாட்டு முடியும்வரை ஜன்னல் திறந்தே இருந்தது. காலெல்லாம் கொசுக்கடி.