கீழ் வரி

நவம்பர் 8, சனி இரவு

மேல்மாடி மார்சியா தான் வரைந்த புதுப் படத்தைக் காட்டக் கூப்பிட்டாள். படத்தில், அவளைப் போலவே கறுப்பினப் பெண் ஒருத்தி, கைப்பிள்ளையோடு வாடகைக்கு இடம் தேடி, வோபர்ன் தமிழ்க் கடையின் அறிவிப்புப் பலகை முன் நிற்கிறாள். பலகையில் இருந்த தமிழ் அறிவிப்பு ஒன்றை, வாசிக்கத் தெரியாமலே எழுத்துப் பிசகாமல் வரைந்திருக்கிறாள்.

என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பேஸ்மென்ற், வீட்டின் நிலக்கீழ்த் தளம், வாடகைக்கு என்றேன்.

கீழ் வரி?

‘தமிழ் ஆட்களுக்கு மட்டும்’ என்றிருந்தது. நான் ‘எல்லாரும் வரலாம்’ என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது.

மார்சியாவின் முகம் மலர்ந்துவிட்டது. தெரிந்திருந்தால் வீடு தேடி அலைந்த நேரம் அந்த இடத்துக்குப் போன் எடுத்திருப்பேனே என்றாள். படத்துக்கு ‘எல்லாரும் வரலாம்’ என்பதையே பெயராக வைக்கப்போகிறாளாம். நாளைக்குப் பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் ஓவியக் கண்காட்சி. தமிழில் எழுதித் தா என்று ஒரு வெள்ளை அட்டையும் தந்துவிட்டாள்.

படுக்கப் போகும்போது இவரிடம் சொன்னேன்.

“உதுக்கேன் யோசிக்கிறாய்? எழுதிக் குடு. அவளுக்கு விளங்கவே போகுது?”

“அவளுக்கு விளங்காதப்பா. பார்க்க வாற எங்கட ஆட்களுக்கு விளங்குமெல்லே.”

அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அட்டை இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது.