மார்கழியில் கேட்ட தோடு

பக்கத்து வீட்டில் இன்று பிள்ளையார் நோன்பு. நெய்யில் நனைந்த நூல்திரி எரியும் வாசனை சன்னல் வழியே வந்தது. மாவில் திரியை வைத்துக் கொளுத்தி, சுடரோடு வாயில் போட்டு விழுங்குவார்கள். உன் வீட்டில் முதன்முதலாக அதைப் பார்த்து நான் பதறியபோது, நீ சுடரை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாய். ஒவ்வொரு வருஷமும் இந்த ஒரு நாள் சன்னலைச் சாத்திவிடுவேன். இன்று சாத்தவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாம் சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம். பேங்குத் தொழில் நமக்குத் தனிப் பாடம். நாச்சியாபுரத்து விவசாய வீட்டுப் பிள்ளையான நான் அதுவரை ஒரு பேங்குக்குள் கால் வைத்ததில்லை. உன் வீட்டுக்கோ ரங்கூனில் கடை, வட்டித் தொழில். ஆனாலும் புரியாததை நீதான் என்னிடம் கேட்பாய். "ஒனக்குத்தான் உதாரணம் வருது, சொல்லு" என்பாய்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்னைக் கண்டனூருக்குக் கூட்டிப்போனாய். நோன்பன்று முற்றத்தைச் சுற்றி உறவெல்லாம் கூடியிருக்க, உன் அப்பாவை, நீ அப்பச்சி என்பாய், அவர் என்னைச் சீண்டினார்.

"வட்டிக்குக் குடுத்து வாங்குறதுக்கு ஒரு பொஸ்தகமாம், அதுக்கு ஒரு பரிச்சையாம். அப்படி என்னதான் தம்பி படிக்கிறீக?"

நல்ல பேங்கும் வெறும் பயத்தால் விழும் என்பதைச் சொல்ல நினைத்தேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது.

"இப்ப ஒங்க கடையவே வச்சுக்குவோம், ஐயா. பணமெல்லாம் பர்மாவுல வயல் மேல கடனா நிக்கிது. நல்ல கடன்தான். ஆனா போட்டு வச்சவுக எல்லாரும் ஒண்ணா வந்து கேட்டா?"

"வாங்கன்னு சொல்லிக் குடுக்க வேண்டியதுதான்."

"எத்தனை பேருக்குக் குடுப்பீக?"

அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பணியாரத் தட்டோடு நின்ற உன் உறவுக்காரர், தேவகோட்டை ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய சீதனப் பணம் உங்கள் கடையில் வட்டிக்குப் போட்டிருந்தது.

நாலாம் நாள் அந்த ஆச்சி வந்து, பேத்திக்குத் தோடு எடுக்க வேண்டும் என்றார். போட்ட பணத்தை உங்களிடையே அப்படித்தான் கேட்பார்கள். கொடுப்பவர் ஏன் என்று கேட்கக் கூடாது; கேட்டால் கையில் இல்லை என்று ஆகிவிடும். மறுநாள் மூன்று ஆச்சிகள் வந்தார்கள். மூவருக்கும் தோடு. நீ என்னைத் தூணோரம் இழுத்தாய்.

"மார்கழியில யாருப்பா தோடு எடுப்பாக?"

உன் அப்பச்சி ஒவ்வொருவரையும் "வாங்க ஆச்சி" என்று உட்காரவைத்து, முகம் மாறாமல் கொடுத்தார். தை பிறப்பதற்குள் கையிருப்பு தீர்ந்து கடை மூடியது. பர்மாவில் நெல் விலை விழுந்து கிடந்தது. கடனுக்கு ஈடாக வந்த வயல்களை விற்றுப் பணம் கொண்டுவர நீ படிப்பை விட்டுக் கிளம்பினாய். காரைக்குடி ரயிலடியில் மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்தேன்.

"விடுப்பா. உதாரணம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது: நல்ல நிலையில் உள்ள பேங்க் ஏன் விழுகிறது? உன் வீட்டைத்தான் எழுதினேன், பெயரில்லாமல். தோட்டையும் எழுதினேன். அந்தத் தாளில் நான்தான் முதல். அதை உனக்குச் சொல்லக் கடிதம் எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் நீ அங்கே காய்ச்சலில் இறந்துபோனதாகத் தகவல் வந்தது.

நெல் விலை விழுந்த வேகத்தில் அந்தக் கடை எப்படியும் மூடியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நானும் புத்தகம் புத்தகமாகத் தேடினேன். இருக்கலாம் என்பதற்கு மேல் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

பிறகு வாத்தியாரானேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம், "நான் ஒரு பேங்க் வச்சிருக்கேன்னு வச்சுக்குவோம்" என்றுதான் ஆரம்பிப்பேன்.

"எப்பவும் நீங்களேதான் திவாலாகுறீக, சார்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"எனக்குப் பழகிப்போச்சுப்பா" என்பேன்.

உன் வீட்டுப் பெயரை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. பார், இதிலும் எழுதவில்லை.