வெளிநாட்டில் உறவினர் உண்டா?

மார்ச் 4

ராடார் கூடத்தில் மெக்கானிக்காக வேலை செய்ய எனக்கிருக்கும் பாதுகாப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. வெளிநாட்டில் உறவினர் உண்டா? தம்பி என்று எழுதினேன். அங்கே தொழில், சொத்து? அவனுடைய மரக்கடையில் என்னையும் பங்குதாரராகச் சேர்த்திருக்கிறான். அதையும் எழுதினேன். கடையையாவது விட்டிருக்கலாம், கேட்டதற்கெல்லாமா பதில் எழுதுவாய் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

மார்ச் 11

பாதுகாப்பு அதிகாரி இரண்டு மணி நேரம் துருவினார். தம்பி யாரோடு பழகுகிறான், கடைக்கு யார் வருகிறார்கள் என்று ஒன்று விடாமல். கடைசியில் சொன்னார்: "உங்க மேல சந்தேகம் இல்லம்மா. உங்க தம்பிய யாராவது பிடிச்சு வெச்சுக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? அதான் கேள்வி."

சிரிப்புதான் வந்தது. பலகை விற்கிறவனை யார் பிடிப்பார்கள்?

மார்ச் 19

பிடித்துவிட்டார்கள்.

தம்பி எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. நாற்காலியில் கட்டியிருந்தார்கள். இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. முகம் காட்டாத ஒருவன் புது ராடாரின் வரைபடம் வேண்டும் என்றான், நம் மொழியிலேயே. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியின் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி — அந்தச் சத்தம். ஐயோ, அந்தச் சத்தம்.

"குடுத்துடுக்கா," என்றான். "தாங்க முடியல."

மார்ச் 20

காகிதம்தானே, கொடுத்துத் தொலை என்கிறார் இவர். அவன் செத்தால் உனக்குச் சோறு இறங்குமா என்றும் கேட்டார். இறங்காதுதான்.

கூடத்தில் வரைபட அலமாரி முன்னால் நின்றேன். சாவி என் கையில். இன்று ஒன்று கொடுத்தால் நாளை இன்னொன்று கேட்பான். தம்பிக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்கே.

திறக்கவில்லை.

மார்ச் 21

காலையில் வேலைக்குக் கிளம்பினேன். மாடிப்படியில் ஒருவன் நின்றிருந்தான். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினான். வரைபடம் எப்போது என்றான். கையைக் கடித்தேன், பல்லில் எலும்பு தட்டியது. வயிற்றில் உதைத்தான். பைக்குள் ஸ்பேனர் அகப்பட்டது. முழங்காலில் போட்டேன், விழுந்தான். திரும்பவும் போட்டேன். போதும் என்று அவன் கெஞ்சிய பிறகும் அடித்தேன். அதை எழுதாமல் விடக் கூடாது.

பக்கத்து வீட்டார் வந்து அவனை மடக்கிப் பிடித்தார்கள். நான் ரத்தத்தோடேயே போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மார்ச் 22

தம்பியின் எண் அணைந்து கிடக்கிறது. கொன்னுட்டேனா அவன?

ஏப்ரல் 6

படியில் விழுந்தவன் வாயைத் திறந்திருக்கிறான். ரகசியம் விற்கும் கும்பலாம். அவன் காட்டிக்கொடுத்த கிடங்கை அந்த நாட்டுப் போலீஸ் உடைத்தது. தம்பிக்கு உயிர் இருக்கிறது. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் முறியாமல் மிச்சம்.

என் அனுமதியும் இன்றே ரத்து. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்: "நீங்க செஞ்சது சரிதான்மா. அடுத்த தடவையும் இப்படியே செய்வீங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியவில்லை.

ஜூன் 14

வெளிக் கட்டடத்தில் மின்விசிறி பழுது பார்க்கிறேன். கடையை விற்றுவிட்டுத் தம்பி எங்களோடு வந்துவிட்டான். நான் கொடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். பட்டன் போட வரவில்லை. கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். கழுத்துக்கு வந்தபோது என் கை பட்டதும் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தான். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஓரடி முன்னால் வந்தான்.